எப்சிக்கு எந்தக் கேமரா

தேரிச் செம்மணல் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் இரட்சணியபுரம் என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகள் வேலைக்காகத் தூரதேசம் போவார்கள், போகிற அன்று கோயில் வாசலில் நிறுத்தி அவர்களைப் படம் எடுப்பார்கள், அந்தப் படம் வீட்டுச் சுவரில் ஏறிய மறுநாளிலிருந்து, போன பிள்ளை மெலிந்தால் படமும் மெலியும், போன பிள்ளை பருத்தால் படமும் பருக்கும், அங்கே மீசையை எடுத்தால் இங்கேயும் மீசை போகும், அங்கே ஒரு முடி நரைத்தால் இங்கேயும் நரைக்கும். இது எப்படி நடக்கிறது என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. ஐப்பசியில் ஏன் மழை வருகிறது என்று யாராவது கேட்கிறார்களா, அதுபோலத்தான்.

படம் மாறுவது நாளுக்கு ஒருமுறை, விடிகிற நேரத்தில். சட்டை மாறாது, பின்னால் இருக்கிற கோயில் கதவு மாறாது, ஆள் மட்டும் மாறுவார். நீல நிறமோ பச்சை நிறமோ கறுப்பு வெள்ளையில் என்ன தெரியப்போகிறது, ஆனாலும் போகும்போது கழுத்தைப் பிடித்த சட்டை ஆறு மாதத்தில் தொளதொளவென்று நிற்பது தெரியும், அதைப் பார்த்துப் பெற்றவள் ஒரு பொட்டலம் பருப்புப் பொடி கட்டி யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள்.

முதன்முதலில் இதைப் பார்த்தவள் பாக்கியம். மகன் கப்பலேறிய இருபதாம் நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பியபோது சுவரில் இருந்த மகனுக்கு மொட்டைத் தலை. அவள் அலறவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, பேன் விழுந்திருக்கும், கப்பலில் யார் எண்ணெய் தேய்த்து விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு மறுபடி பாலைப் பார்க்கப் போனாள். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இது கர்த்தரால் வந்ததா அல்லவா என்று சபைக் குருவானவர் ஒரு மணி நேரம் பேசினார். முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை, மும்பைக்குப் போகவிருந்த தம்முடைய மூத்த மகனுக்குப் பவுடர் போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கோயில் வாசலில் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு ஊர் அந்தப் படங்களோடு வாழப் பழகிக்கொண்டது. வழிப்படம் என்று அதற்குப் பெயர் வந்தது. காலையில் எழுந்து ஜெபம் செய்து, வழிப்படத்தைப் பார்த்து, அப்புறம்தான் காபி என்று ஆயிற்று. தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, உங்க மவன் கன்னம் வச்சுட்டானே என்பார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்குமுன் சுவரைப் பார்ப்பார்கள். தம்மாமில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டி எலும்பாகிவிட்டேன் என்று போனில் அழுத யோபுவுக்குச் சுவரில் வாரத்துக்கு வாரம் தொந்தி பெருத்தது. அவன் மனைவி அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து, விடுமுறைக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, ஒட்டகம் சௌக்கியமா என்று கேட்டாள். பாக்கியத்தின் மகன் பதினோரு வருஷம் கடலில் கறுத்தான், முடி வளர்த்தான், வெட்டினான், ஒரு பங்குனி மாதம் மாறாமல் நின்றுவிட்டான். கம்பெனியிலிருந்து தகவல் வர ஒன்பது நாள் ஆனது. அந்தப் படமும் அவள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

இந்தப் படங்களையெல்லாம் எடுத்தவள் தவசீலி. எட்டாம் வகுப்போடு நின்றவள், தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் படங்களுக்குச் சாயம் தீட்டுகிற வேலைக்குப் போய், பார்த்துப் பார்த்தே தொழிலைப் படித்துக்கொண்டவள். கலியாணத்துக்குப் பிறகு கணவர் கனகராஜ், உப்பளத்தில் மேஸ்திரி, துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரரிடமிருந்து அவளுக்கு ஒரு கேமரா வாங்கிவந்தார். கையில் அடங்குகிற பெட்டி, செங்கல் கனம். மதுரையில் கேமரா ரிப்பேர் பார்க்கிற அமீர் பாய் அதை ரேஞ்ச்ஃபைண்டர் என்பார். அதன் ஜன்னலில் கண் வைத்தால் நடுவில் ஒரு மஞ்சள் கட்டம் தெரியும். கட்டத்துக்குள் எதிரே நிற்கிறவர் இரண்டு பேராகத் தெரிவார், ஒருவர் திடமாக, ஒருவர் ஆவி பிடித்த கண்ணாடியில் தெரிகிறவர் போல. லென்ஸின் வளையத்தை விரலால் திருப்பத் திருப்ப அந்த மங்கல் ஆள் நகர்ந்து நகர்ந்து வந்து நிஜ ஆள் மேல் படிந்து ஒன்றாகிவிடுவார். ஒன்றானதும் அமுக்கினால் படம் கூர்மையாக விழும். அந்த ஒன்றாகிற நேரத்தில் தவசீலி உதட்டுக்குள் ஒரு ஜெபம் சொல்வாள், இந்தப் பிள்ளையோடகூடப் போம் ஆண்டவரே என்று. முப்பத்துநாலு வருஷமாக ஒரே ஜெபம்தான். பிலிமை அவளே இருட்டறையில் கழுவுவாள், அவளே படம் போடுவாள்.

பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாக வந்த ஸ்டுடியோக்காரர்கள் பெரிய பெரிய டிஜிட்டல் கேமரா வைத்து எடுத்துப் பார்த்தார்கள். படம் பளபளப்பாக இருந்தது, எடுத்த அன்று எப்படியோ என்றும் அப்படியே இருந்தது. அதனால் பாஸ்போர்ட்டுக்கு அங்கே, வழிப்படத்துக்குத் தவசீலியிடம் என்று ஊர் பிரித்துக்கொண்டது.

அந்தக் கேமராதான் இப்போது தளர ஆரம்பித்திருந்தது. உள்ளே ஓடுகிற துணித்திரை பாதியில் சிக்கி, ஒரு பட்டாளத்துப் பையனுக்குப் பாதி முகம்தான் விழுந்தது. நல்லவேளை, சிக்கிய சத்தம் கேட்டு பஸ் வருமுன் இன்னொன்று எடுத்திருந்தாள். மஞ்சள் கட்டம் வெளுத்துப்போய், அதற்குள் இரண்டாவது ஆளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அது கட்டத்தின் குற்றம் மட்டும் அல்ல, தவசீலியின் வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. அமீர் பாய் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, தாங்குகிறவரை தாங்கும் அக்கா, அதற்குமேல் என்னிடம் சாமான் இல்லை என்று கையை விரித்தார்.

இப்படியிருக்கும்போதுதான் தோஹாவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் மகன் ஆல்வின் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தான். பிரித்தால் அதே சாதிக் கேமரா, ஆனால் இருபது முப்பது வருஷம் பிந்திய பிறப்பு. பிலிம் போடுகிறதுதான், இரண்டு ஆளை ஒன்றாக்குகிறதுதான், ஆனால் ஜன்னல் அலம்பிவிட்டது போல வெளிச்சமாக இருந்தது. வெளிச்சம் போதுமா போதாதா என்று உள்ளேயே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து சொல்லியது. அமுக்கினால் பூனை நடக்கிற சத்தம். புரை விழுந்த கண்ணுக்கே எதிர்வீட்டு முருங்கையின் இலை இலையாகத் தெரிந்தது. தவசீலி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கூடவே போனில் ஆல்வின் ஒரு வரி எழுதியிருந்தான்.

“அம்மா, எப்சி போகும்போது அவளை இதுல எடு.”

ஆல்வின் மூத்தவன். எப்சி இளையவள், நர்ஸ், இருபத்தேழு வயது, மூன்று வாரத்தில் அயர்லாந்துக்குப் போகப்போகிறவள். ஆல்வின் ஏன் அப்படி எழுதினான் என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், அடுக்களைச் சுவரில் ஆல்வினுக்குக் கண் குழி விழத் தொடங்கியது. நாளுக்கு நாள் ஆழமானது. தவசீலி போன் செய்தாள், ஏசி குளிரும்மா, தூக்கம் சரியில்லை என்றான். அவளுக்கு மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியத்தில், ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டபோது எழுந்து நின்று, என் மகனுக்காக ஜெபியுங்கள், அவன் என்னமோ மறைக்கிறான், கண்ணெல்லாம் குழி விழுந்திருக்கு என்றாள். நாற்பது பெண்கள் முழங்காலில் நின்று உருக்கமாக ஜெபித்தார்கள். சாயங்காலத்துக்குள் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அந்த வாரமே ஆல்வினுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வீட்டார் காரில் வந்து இறங்கி, அடுக்களை வரை வந்து சுவரைப் பார்த்து, பையனுக்கு ஏதோ வியாதி என்று நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனார்கள். வியாதி ஒன்றும் இல்லை. வேலை போயிருந்தது, அவன் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தான். நிச்சயம் முறிந்த மறுநாள் அந்த வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமை அஞ்சு நிமிஷம் பேசுவான், ஊரில் மழை உண்டா என்று கேட்பான், வைத்துவிடுவான்.

அவன் படம் இன்னும் விடியலுக்கு விடியல் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. தவசீலி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்ப்பதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதுக் கேமராவிலும் படம் மாறுமா என்று பார்த்துவிடலாம் என்று கனகராஜ்தான் யோசனை சொன்னார். கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை மாசிலாமணிக்கு லெந்து தவநாட்களில் வளர்த்த தாடி இருந்தது. அவரைக் கோயில் வாசலில் நிறுத்தி, புதுக் கேமராவில் இரண்டு மாசிலாமணியையும் ஒன்றாக்கி, அதே ஜெபத்தைச் சொல்லி தவசீலி அமுக்கினாள். அவர் அன்றே திருநெல்வேலிக்குத் தங்கை வீட்டுக்குப் போய், தாடியை வழித்துவிட்டு, மறுநாள் வந்து இறங்கினார். தெருவே தவசீலி வீட்டில் கூடியிருந்தது. படத்தில் தாடி இருந்தது. அப்படி ஒரு படத்தை அவள் தன் கையால் போட்டதே இல்லை. தாடி மயிர் தனித்தனியாகத் தெரிந்தது, கண்மணிக்குள் கோயில் கோபுரம் தெரிந்தது. மாசிலாமணி வழித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே அதைப் பார்த்து, ஒவ்வொரு மயிரையும் எண்ணிடலாம் பாத்துக்கோ, ஆனா இது நேத்தையத் தாடி என்றார்.

அத்தோடு தெரிந்துபோயிற்று. ஜெபத்தால் இல்லை, பழைய கேமராவால்தான். ஊருக்கு அதில் கொஞ்சம் வருத்தம், ஜெபமாக இருந்திருந்தால் எல்லாரும் கற்றுக்கொண்டிருக்கலாம்.

பிறகு இரண்டு வாரம் தவசீலி வீட்டுக்கு ஆட்கள் வந்து யோசனை சொன்னார்கள். பஸ் நிலையத்து ஸ்டுடியோக்காரர் வந்து புதுக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்து, அக்கா இது தங்கம், அந்தப் பழசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள் என்றார். கனகராஜின் அக்கா ஞானதீபம், இரண்டு மகன்களையும் ஒரு மருமகளையும் சுவரில் மாட்டி வைத்திருப்பவள், தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, புதுசு வந்ததும் பழசு கசந்துபோச்சாக்கும் என்று தொடங்குவாள். பழசு நின்றுபோனால் நாளைக்குப் போகிற பிள்ளைகளை யார் பார்ப்பது, அந்தத் திரையில் மிச்சம் இருக்கிற ஓட்டத்தில் முதல் உரிமை உன் மகளுக்குத்தானே, கையில் இருக்கிறதை விட்டுவிட்டுப் பொம்பளைப் பிள்ளையைக் கண் காணாத சீமைக்கு அனுப்புவாயா என்பது அவள் கட்சி. கனகராஜ் யார் எது சொன்னாலும் ஆமாம் என்றார்.

பாக்கியம் மட்டும் வரவில்லை. தவசீலிதான் அவளைத் தேடிப் போனாள். பாக்கியம் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள், சுவரில் அவள் மகன் அந்தப் பங்குனி மாதத்து முகத்தோடு இருந்தான். தவசீலி ஒன்றும் கேட்குமுன்பே அவள் சொன்னாள்.

“அந்த ஒம்பது நாளை யாராவது வந்து கேட்டா எடுத்துக் குடுத்துருவேன் தவசீலி. போன் வரணும்னும் இருக்கு, வரக்கூடாதுன்னும் இருக்கு, யார்ட்டயும் சொல்லவும் முடியல. ஆனா அதுக்கு முந்தின பதினோரு வருஷத்தை யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன். தெனமும் எம்பிள்ளை மொகத்துல முழிச்சேன். ரெண்டும் ஒரே படத்துலதான் வந்துச்சு, நான் எதைன்னு சொல்ல?”

தவசீலி அவளோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் புளி உடைத்தாள். திரும்பி வரும்போது கோயிலுக்குள் நுழைந்து, ஆளில்லாத பெஞ்சில் முழங்காலிட்டு, எந்தக் கேமரா என்று சொல்லும் ஆண்டவரே என்று கேட்டாள். இத்தனை சின்னக் காரியத்தை எடுத்துக்கொண்டு வந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பதில் வரவில்லை. அவள் தினமும் போய்க் கேட்டாள், தினமும் வரவில்லை.

அவள் பயம் அவளுக்குத்தான் தெரியும். எப்சி மறைக்கிற பிள்ளை. நர்சிங் படிக்கும்போது விடுதியில் மஞ்சள்காமாலை வந்து, பரீட்சை கெட்டுவிடும் என்று இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்து, ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியவளின் கண்ணைப் பார்த்துத் தவசீலி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது எப்சிக்கு வழிப்படம் கிடையாது, பக்கத்து ஜில்லாதானே என்று எடுக்காமல் விட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் தவசீலியின் கை பழைய கேமராவைத் தேடிப் போகும்.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது, பகல் பத்து மணிக்கு, அம்மாவும் மகளும் பெட்டி அடுக்கினார்கள். முறுக்கு டின்னை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கருப்பட்டிக்கு இடம் தேடி, எடை பார்க்கிற கொக்கியில் பெட்டியைத் தூக்கி மாட்டி இருவரும் மூச்சு வாங்கினார்கள். எப்சி கருப்பட்டியில் பாதியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டே, எந்தக் கேமரான்னு முடிவு பண்ணிட்டியாம்மா என்று சாதாரணமாகக் கேட்டாள். தவசீலி, உனக்கு எது வேணும் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். பதிலுக்கு, உனக்குக் காமாலை வந்ததே ஞாபகம் இருக்கா என்றாள்.

எப்சி கையிலிருந்த கருப்பட்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து அடுக்களைச் சுவரில் அண்ணன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“இது கறுப்பு வெள்ளைம்மா,” என்றாள். “கண்ணு மஞ்சளானா இதுல தெரியாது. நான் வாயத் தொறந்தாத்தான் தெரியும்.”

“நீ வாயத் தொறக்கிற பிள்ளையாட்டி?”

“இல்லதான். இதுவரைக்கும் இல்ல.” எப்சி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “ஆனா சுவத்துல நான் தொங்கிட்டு இருந்தா, எப்பவும் தொறக்க மாட்டேன்.”

தவசீலிக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம், அதனால் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே எடுத்து வைத்த கருப்பட்டியை எடுத்து மறுபடி பெட்டிக்குள் திணித்தாள். எப்சி அதைத் தடுக்கவில்லை.

புறப்படுகிற நாள் வந்தது. விமான நிலையத்துக்குக் கார் சாயங்காலம் நாலரைக்கு. நாலு மணிக்குக் கோயிலில் ஜெபம் முடிந்து, எப்சி கதவுக்கு முன்னால் தனியாகப் போய் நின்றாள். வழிப்படத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. போகிறவர் மட்டும் முன்னால் நிற்பார், ஊர் முழுவதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கும், போகிறவர் கடைசியாகப் பார்க்கும்போது ஒரே பார்வையில் எல்லாரையும் பார்த்துக்கொண்டு போகட்டும் என்பதற்காக. தவசீலியின் தோள்பையில் புதுக் கேமரா இருந்தது. பழைய கேமராவை ஞானதீபம் வீட்டிலிருந்தே கையோடு எடுத்துவந்து, எல்லாரும் பார்க்க, தம்பி மனைவியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். மாட்டிவிட்டுப் பின்னால் போய் முதல் வரிசையில் நின்றுகொண்டாள்.

தவசீலி அதைத் தூக்கினாள். தூக்கும்போதே வழக்கமாக அவள் கட்டைவிரல் லென்ஸின் முகத்துக்குப் போகும், அங்கே தூசி படாமல் போட்டிருக்கிற கறுப்பு மூடியைக் கழற்றி உள்ளங்கையில் ஒளித்துக்கொள்ளும். முப்பத்துநாலு வருஷத்தில் விரலுக்கே தெரிந்த வேலை, அவள் நினைக்க வேண்டியதில்லை. இந்தச் சாதிக் கேமராவில் அது ஒரு சங்கடம். கண் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் நுழைகிற லென்ஸ் வேறு. லென்ஸ் மூடிக் கிடந்தாலும் ஜன்னலில் எல்லாம் வெளிச்சமாகத்தான் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு ரோல் முழுக்க இருட்டை எடுத்துவிட்டு வந்து நிற்பார்கள்.

விரல் மூடியைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது.

ஜன்னலுக்குள் எப்சி இரண்டாகத் தெரிந்தாள். ஒருத்தி கதவுக்கு முன்னால், கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னொருத்தி அவளுக்கு இடப்பக்கமாகக் கொஞ்சம் விலகி, மங்கலாக, கையில் பிடிக்க முடியாதவளாக. தவசீலியின் கண்ணில் நீர் வந்து இருவரையும் கலக்கியது. துடைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினாள். மங்கலானவள் நகர்ந்து வந்தாள், இன்னும் கொஞ்சம் வந்தாள், மற்றவள் மேல் படிந்தாள். ஒருத்தி ஆனாள். இந்தப் பிள்ளையோடகூடப் போம் ஆண்டவரே, என்றாள் தவசீலி. நான் வரல, என்று அதோடு சேர்த்துச் சொன்னாள். அப்படி அவள் இதற்குமுன் சொன்னதில்லை. விரலை மூடியிலிருந்து எடுத்தாள், மூடி அதன் இடத்திலேயே இருந்தது, பொத்தானை அமுக்கினாள்.

திரை சிக்காமல் ஓடுகிற சத்தம் கேட்டது. பின்னால் நின்ற ஊர் மூச்சு விட்டது.

கேமராவுக்கு முன்னால் நின்றவள் எப்சி ஒருத்திதான், அதனால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தவளும் அவள் ஒருத்திதான். முதலில் அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்துச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கடித்த பல் விட்டுப்போய், அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து, அதை அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்தினாள். தவசீலி தோள்பையிலிருந்து புதுக் கேமராவை எடுத்து, அதன் மூடியைக் கழற்றி, அந்தச் சிரிப்பு முடியுமுன் ஒன்று எடுத்தாள். கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

மறுநாள் பெண்கள் இருட்டறை வாசலில் காத்திருந்தார்கள். தவசீலி பழைய கேமராவின் பிலிமை நீர் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்த வாரம் போன மூன்று பேர் இருந்தார்கள், அதற்கடுத்த கட்டம் வெறும் கண்ணாடி போல அந்தப் பக்கத்துச் சுவரைக் காட்டியது.

“மூடி போட்டிருந்துச்சு,” என்றாள் தவசீலி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஞானதீபம் பிலிமைக் கையில் வாங்கிப் பார்த்து, தன் மகள் போனது போல அழுதாள். வழிப்படம் ஊர் எல்லையைத் தாண்டுமுன் எடுத்தால்தான் உண்டு, இனி எப்சி விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகும்போதுதான். கண்ணில் புரையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் பாவம் என்று ஊர் அவள்மேல் இரக்கப்பட்டது. நாலைந்து நாள் அவள் வீட்டில் அடுப்பு எரியத் தேவையில்லாதபடி குழம்பும் கூட்டும் வந்தன. செவ்வாய்க்கிழமை நாற்பது பேரும் அவள் கண்ணுக்காக ஜெபித்தார்கள், அவளும் முழங்காலில் நின்று ஆமென் சொன்னாள். பழைய கேமராவில் எடுத்தது போதும், புதுசுக்கு மாறிவிடு என்று அதுவரை சொல்லாதவர்கள்கூடச் சொன்னார்கள்.

அவள் மாறவும் இல்லை, மாறாமல் இருக்கவும் இல்லை. அடுத்து வழிப்படத்துக்கு வந்தவள் குவைத்துக்குப் போகிற ஒரு பெண், தாயோடு வந்திருந்தாள். தவசீலி தாயை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு, பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மேஜைமேல் இரண்டு கேமராவையும் வைத்து, ஒன்று மாறும், ஒன்று மாறாது, உனக்கு எது வேணும் என்று கேட்டாள். அந்தப் பெண் வெகுநேரம் யோசித்து, அம்மா பாக்கட்டும் என்று பழையதைத் தொட்டாள். அதற்கடுத்து வந்த கப்பல்காரப் பையன் யோசிக்கவே இல்லை, புதுசைத் தொட்டான். அவன் தாய் ஒரு மாதம் தவசீலியோடு பேசவில்லை, கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில்கூட உட்காரவில்லை. குருவானவர் ஒரு ஞாயிறு இதைப்பற்றியும் பேசினார். போகப் போக, இன்னார் பழசு, இன்னார் புதுசு என்று ஊர் இதையும் சாதாரணமாகச் சொல்லப் பழகிக்கொண்டது.

அதெல்லாம் பின்னால் நடந்தது. எப்சி போன முதல் வாரம் தவசீலிக்கு எளிதாக இருக்கவில்லை. அடுக்களைச் சுவரில் ஆல்வினுக்குப் பக்கத்தில் எப்சியை மாட்டியிருந்தாள். ஆல்வின் விடியலுக்கு விடியல் மாறினான். எப்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், திங்கள் சிரித்தாள், செவ்வாய் சிரித்தாள், புதன் அதே சிரிப்பு. போகிற நேரத்தில் எந்தப் பிள்ளை இப்படிச் சிரிக்கும் என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். எப்சி வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாள், அதற்குப் பிறகு வேலை, குளிர், நேரம் வித்தியாசம், ஒன்றும் இல்லை. தவசீலிக்கு ஜெபம் செய்யவே தடுமாறியது. இத்தனை வருஷமாக அவள் ஜெபம் சுவரைப் பார்த்துச் செய்த ஜெபம். இவனுக்குக் கன்னம் ஒட்டியிருக்கு, போஷியும், இவனுக்கு நெற்றியில் காயம், ஆற்றும் என்று ஆண்டவருக்கு விவரம் சொல்லிச் சொல்லியே பழக்கம். இப்போது எப்சி என்ற பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் சொல்ல விவரம் இல்லாமல், அப்படியே வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். ஒன்றிரண்டு முறை, அந்த மூடியைக் கழற்றியிருக்கலாம் என்றும் நினைத்தாள். நினைக்காமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும்போது போன் அடித்தது. எப்சி. கனகராஜ் எடுத்து, பேசிவிட்டு, மனைவியிடம் கொடுத்தார். தவசீலி காதில் வைத்தாள். அந்த ஊரில் போன் வந்தால் பெற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என்ன மெலிஞ்சுட்ட, முடியை ஏன் வெட்டின, கன்னத்துல என்ன கீறல், ராத்திரி முழிச்சியா. பார்த்ததைச் சொல்வார்கள், பிள்ளைகள் ஆமாம் என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள், அதோடு முடிந்துவிடும். தவசீலிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் பார்த்தது எதுவும் இல்லை. வாயில் வந்த வார்த்தை அவளுக்கே புதிதாக இருந்தது, முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஊரில் ஒரு தாயும் பிள்ளையிடம் கேட்டிராத வார்த்தை.

“எப்படி இருக்கட்டி?”

லைன் கட்டாகிவிட்டதோ என்று கனகராஜ் கையை நீட்டினார், தவசீலி கொடுக்கவில்லை. தூரத்தில் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு போவதும், ஒரு குழாய் சொட்டுவதும், அவள் மகள் மூச்சு இழுப்பதும் கேட்டது.

“இரும்மா,” என்றாள் எப்சி. “கதவச் சாத்திட்டு வாரேன்.”

தவசீலி அடுப்பை அணைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, படங்கள் இருந்த சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, காத்திருந்தாள்.